சம்பந்தியின் போத்தலை விற்ற மனுசன்

என் மனுசன் பாலேந்திரா நோர்பரியில் குடிவகைக் கடை நடத்துகிறார். ஆனால் ஒரு சொட்டுக் குடியாதவர். இதைச் சொன்னால் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். முன்பு சுவிசில், பேர்ண் நகரத்து ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிய காலத்தில், வேலை முடிய எல்லாரும் மிஞ்சிய வைனைப் பங்கு போடுவார்களாம். இவர் தன் பங்கைப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பால்தேத்தண்ணி கேட்பார். மகள் தக்‌ஷிகா ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தோம். கீழே கடையும் மேலே வீடுமாக ஓரிடம் கிடைத்தது. கடையைப் பார்த்தால் சுவர் முழுக்கப் போத்தல். விரதமோ, கொள்கையோ என்று கேட்டால் ஒன்றுமில்லை, அந்த மணம் தனக்குப் பிடிக்காது என்பார். மீன்காரனுக்கு மீன் மணம் பிடிக்காத கதைதான்.

குடியாத மனுசன் எப்படி விற்கிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார். எந்த வைன் நல்லது என்று யாராவது கேட்டால், முகத்தை ஐயர் மாதிரி வைத்துக்கொண்டு, "இது நல்லா ஓடும்" என்பார். இது வெள்ளிக்கிழமை ஓடும், அது கிறிஸ்மஸுக்கு ஓடும், உது ஓடாது, உதைத் தொடாதேங்கோ. இந்த 'ஓடும்' ஒன்றை வைத்தே எங்கள் குடும்பம் ஓடியது.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடைக்காரன் என்றபடியால் பிறந்தநாள், கலியாணம் என்று எங்கே போனாலும் இவருக்குப் போத்தல்தான் பரிசு தருவார்கள். இவர் நன்றி சொல்லி வாங்குவார். அடுத்த நாள் காலை அது விலை ஸ்டிக்கரோடு கடை றாக்கைத் தட்டில் நிற்கும். சட்டப்படி சரியோ என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டில் வைத்தால் யார் குடிப்பது? எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், ஒரு நாளைக்கு இந்தப் பழக்கம் உங்களைச் சந்தியில் கொண்டுபோய் நிறுத்தும் என்று. மனுசன் காதில் வாங்கவில்லை.

போன வருடம் தக்‌ஷிகா ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் மருந்தாளராக இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் அவனுக்கும் வேலை. கென்டா என்று பெயர், யப்பான்காரன், தாயில்லாப் பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றி, இரண்டையும் ஒட்டி நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தான். அந்த ஒன்றுக்கே நான் சரி சொல்லிவிட்டேன். இவர்தான் உம்மென்று இருந்தார். என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்டார், பிறகு டி.வி.யைப் பார்த்தார். பொடியன் போகும்போது, இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தான். உள்ளே ஒரு போத்தல். சாக்கே, அரிசியில் இருந்து யப்பான்காரர் வடிக்கிற குடிவகை. அவனுடைய தகப்பனே தன் கையால் செய்ததாம்.

பெட்டி வழவழவென்று வடிவாக இருந்தது. கற்பூரமும் நெருப்புப்பெட்டியும் வைக்கச் சரி என்று நான் அதை எடுத்துச் சாமித்தட்டில் வைத்தேன். போத்தல் மேசையில் நின்றது. மறுநாள் மத்தியானம் மேசையில் அதைக் காணவில்லை. கடைக்குப் போயிருக்குமோ என்று பயந்து கீழே இறங்கினேன், றாக்கையிலும் இல்லை. கேட்டேன். "அது காலமையே வித்திட்டுது" என்றார், பெருமையாக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் குளிர்ப்பெட்டிக்குள் தள்ளிப் பூட்டியிருப்பேன். அந்த நேரம் பார்த்துத் தக்‌ஷிகா ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தாள். அந்தப் போத்தல் எப்படி இருந்தது, திறந்தீர்களா என்று தகப்பனிடம் கேட்டாள். மனுசன் என்னைப் பார்த்தார், றாக்கையைப் பார்த்தார், பிறகு ஒரே சொல்லில் முடித்தார்.

"சோக்காயிருந்தது."

அந்தப் பக்கம் பிள்ளை அழுகிறது கேட்டது. பிறந்ததில் இருந்து தன் தகப்பன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். வாயால் சம்மதம் சொல்லத் தெரியாத மனுசன், தனக்காக, கென்டாவுக்காகக் குடித்திருக்கிறார். அதுதான் அப்பாவின் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே கென்டாவுக்குச் சொன்னாள். கென்டா தகப்பனுக்குச் சொன்னான். ஒரு பச்சைப் பொய்யின் மேலே என் பிள்ளையின் கலியாணப் பேச்சு ஏறி உட்கார்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் அரிசிக்குடியில் மறைத்தார்கள்.

அந்தப் போத்தலை வாங்கியவள் டொரத்தி. எதிர்ப்பக்கம் குடியிருக்கிற ஜமேக்காக்காரி, ஓய்வு பெற்ற நேர்ஸ். மறுநாளே வந்து, இன்னொன்று இருக்கோ என்று கேட்டாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அதன் பிறகு அவளின் தொப்பி தெருவில் தெரிந்தாலே இவர் பின்னறைக்குள் ஓடி ஒளிந்துகொள்ள, நான்தான் நின்று பதில் சொல்வேன். எப்படி இருந்தது, என்ன ருசி என்று அவளிடம் நைசாக விசாரித்துப் பார்த்தேன். அடுத்த போத்தல் கையில் வந்தால்தான் வாய் திறப்பேன் என்றுவிட்டாள். கிழவி பெரிய கெட்டிக்காரி.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது அதை விடக் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. கென்டாவின் தகப்பன் சுகவாரா லண்டனுக்கு வருகிறாராம், எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடாம், தன் சாக்கேயைப் பற்றிச் சம்பந்தியோடு ஆறுதலாகக் கதைக்க ஆசைப்படுகிறாராம் என்று செய்தி வந்தது. இவர் பேயறைந்த மாதிரி நின்றார். உண்மையைச் சொல்லுங்கோ என்றேன். சொன்னால் பிள்ளை என்ன நினைக்கும், அப்பாவின் சம்மதமே பொய் என்றல்லவா நினைக்கும் என்றார். அதே போத்தலைத் தேடி லண்டன் முழுக்க அலைந்தோம். அப்படி ஒரு பெயரையே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கடைசியில் மனுசன் ஒரு முடிவுக்கு வந்தார்: சாக்கே ருசி பார்க்கப் பழகுவோம், பழகிவிட்டால் எது கேட்டாலும் சமாளிக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் அல்ல. ஆனால் அன்றைக்கு என் காலையும் சேர்த்து விட்டார்.

நகரத்துக்குள்ளே ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை மத்தியான வகுப்பு. படிப்பித்தவள் மியுகி என்ற பெண், மென்மையான பேச்சு. ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைக் கிண்ணம் தந்தாள். அடியில் நீல வட்டம் இரண்டு போட்டிருந்தது. சாக்கே தெளிவோ மங்கலோ என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். பார், மண, ஒரு வாய் எடு, நாக்கில் உருட்டு, பிறகு பக்கத்திலிருக்கும் வாளிக்குள் துப்பு என்றாள்.

துப்புவதோ? அரிசியை? சோற்றை வாயில் போட்டுத் துப்பினால் என் அம்மா அகப்பைக்காம்பால் போட்டிருப்பா. மற்றவர்கள் எல்லாரும் வாளிக்குள் நாசூக்காகத் துப்பினார்கள். நான் விழுங்கினேன். இவர் என்னைப் பார்த்தார். அவரும் அதே வளர்ப்புத்தானே? கண்ணை இறுக்க மூடி, வேப்பெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி, தன் வாழ்நாளின் முதல் வாயை விழுங்கினார். வாந்தி எடுக்கப் போகிறார் என்று நான் வாளியை எட்டி எடுத்தேன்.

மனுசன் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றக் கண்ணை. கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

எப்படி இருக்கிறது என்று மியுகி கேட்டாள். "இது வெள்ளிக்கிழமை ஓடும்" என்றார். அவளுக்கு விளங்கவில்லை. வேலையால் களைத்து வருகிறவன் வாங்குவான், கனக்க யோசிக்க வைக்காது, குடித்துவிட்டுப் பேசாமல் படுப்பான் என்று விளக்கினார். இரண்டாவது? அது மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் வாங்குவான். மூன்றாவது ஓடாது, ஆனால் ஒருவன் மட்டும் திரும்பத் திரும்ப வருவான். மியுகி சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ ஒன்றில் வாழைப்பழம் மணத்தது, ஒன்றில் வெள்ளரிப்பழம், இன்னொன்றில் அரிசி ஊறிய தண்ணீர். அரிசியைத் தீட்டத் தீட்டப் பழ மணம் கூடுமாம். குறையத் தீட்டினால் சோற்று ருசி நிற்குமாம். அப்படித் தீட்டினால் சத்தெல்லாம் போய்விடுமே என்று நான் கவலைப்பட்டேன். சத்துக்காக யாரும் இதைக் குடிப்பதில்லை என்றாள் மியுகி.

பிறகு சாப்பாடு. பச்சைச் சால்மன் துண்டைத் தந்து, முதலில் வெள்ளை வைனோடு சாப்பிடச் சொன்னாள். மீன் வெடுக்கு மூக்கு வரைக்கும் ஏறியது. அதே துண்டு, இப்போது குளிர்ந்த சாக்கேயோடு: வெடுக்கைக் காணவில்லை. இவ்வளவு காலமும் மீனுக்கு வெள்ளை வைன் என்று சொல்லிச் சொல்லி விற்ற மனுசன் கிண்ணத்தை மணந்து மணந்து பார்த்தார். மியுகி படிப்பித்த கணக்கு இதுதான்: பழ மணமுள்ளதைக் குளிரவைத்து, பச்சை மீன், தோஃபு என்கிற சோயாக்கட்டி மாதிரி மெல்லிய சாப்பாட்டோடு. சோற்று ருசியுள்ளதைச் சூடாக்கி, உப்புப் போட்டு நெருப்பில் வாட்டிய மீனோடு. கடைசியாக மரியாதை. தன் கிண்ணத்துக்குத் தானே ஊற்றக்கூடாது, மற்றவர்தான் ஊற்ற வேண்டும். வெறும் கிண்ணம் இருந்தால் ஊற்று என்று அர்த்தம். போதும் என்றால் கிண்ணத்தை நிறைந்தபடியே விட்டுவிட வேண்டும், குடிக்கக்கூடாது.

ரயிலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாது. எதிரே இருந்தவரின் தொப்பி, ஜன்னலில் தெரிந்த எங்கள் முகம், எல்லாம் சிரிப்பு. இவர் என் கையைப் பிடித்தார். லண்டன் ரயிலில், நாலு பேர் பார்க்க, என் மனுசன் என் கையைப் பிடித்ததை நான் எங்கே போய்ச் சொல்ல! நோர்பரி வந்து போனதே தெரியாமல் அடுத்த ஸ்டேசனான தோர்ன்டன் ஹீத்தில் இறங்கி, வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

அதன் பிறகு வீட்டில் ஒரே பரிசோதனைதான். புட்டுப்பானை வெந்நீரில் சாக்கேப் போத்தலை இறக்கிச் சூடாக்கினோம். மெக்கரல் மீனுக்கு உப்புத் தடவி வாட்டினேன். மிசோ சூப்புக்கு எது, தோஃபுக்கு எது என்று சண்டை பிடித்தோம். பச்சை மீனைச் சூடான சாக்கேயோடு தின்று பார்த்து இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தோம். மணம் பிடிக்காது என்ற மனுசன் இப்போது கிண்ணத்துக்குள் மூக்கை விட்டு வெளியே எடுக்கிறார் இல்லை. விற்ற போத்தலுக்கு ஒரு ருசியையும் தானே இட்டுக்கட்டி வைத்திருந்தார்: பேரிக்காய் மணம், மெல்லிய இனிப்பு, கடைசியில் ஒரு மிளகு. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுகவாரா ஒல்லியான மனிதர், கென்டாவைப் போலவே செருப்பை ஒட்டி வைத்தார். தான் வடித்த சாக்கே இரண்டு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, முதலில் வீட்டுக்காரரின் போத்தலைக் குடிப்போம் என்றார். அவருடைய பேச்சைக் கென்டா ஆங்கிலமாக்கினான். பச்சைச் சால்மனைக் கண்டார், நான் குளிரவைத்த சாக்கேயைக் கண்டார், தலையாட்டினார். வாட்டிய மெக்கரலும் சூடாக்கிய சாக்கேயும் வந்தபோது எழும்பி எனக்கு வணக்கம் சொன்னார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

அங்கேதான் பிசகியது. சுகவாரா இவருக்கு ஊற்றினார். பெரிய மனிதர் தந்ததை மிச்சம் விடலாமா? இவர் முழுவதையும் குடித்தார். சம்பந்தியின் கிண்ணம் வெறுமையாக இருக்கலாமா? சுகவாரா மறுபடி ஊற்றினார். இவர் மரியாதைக்குக் குடித்தார். அவர் மரியாதைக்கு ஊற்றினார். யாழ்ப்பாணத்து மரியாதையும் யப்பான் மரியாதையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேசையைச் சுற்றின. நான் மேசைக்குக் கீழே இவரின் காலை உதைத்தேன். அது கென்டாவின் கால். பொடியன் மரியாதையாக அதற்கும் தலை வணங்கினான்.

கை கழுவப் போன சுகவாரா சாமித்தட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். பிள்ளையாருக்குப் பக்கத்தில், கற்பூரத்தோடு, அவருடைய மரப்பெட்டி. அதைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்தப் போத்தல் எப்படி இருந்தது, என்ன சாப்பாட்டோடு குடித்தீர்கள் என்று கேட்டார். தக்‌ஷிகா முந்திக்கொண்டு, அப்பா வாழ்க்கையிலேயே குடித்த முதல் குடி அது, எனக்காகக் குடித்தார் என்று பெருமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

இவர் வாயைத் திறந்தார். "பேரிக்காய்..." என்று தொடங்கினார். நின்றுவிட்டார். மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதைக் குடிக்கேல்லை, பிள்ளை. கடையில வைச்சு வித்துப்போட்டன்."

தக்‌ஷிகாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கென்டா தகப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மொழிபெயர்ப்பதோ வேண்டாமோ என்று தெரியாமல் நெளிந்தான். சொல்லு தம்பி என்றேன். எனக்கோ, இவ்வளவு பழகி, இவ்வளவு குடித்து, நுணல் கடைசியில் தன் வாயால் கெட்டதே என்றிருந்தது. கென்டா மெதுவாகச் சொன்னான். சுகவாரா ஒரு கேள்வி கேட்டார்: அது றாக்கையில் எவ்வளவு காலம் நின்றது?

"காலமை வைச்சனான். மத்தியானத்துக்கு முன்னம் போயிட்டுது" என்றார் இவர், குற்றவாளி மாதிரி. வாங்கின மனுசி மறுநாளே வந்து இன்னொன்று கேட்டவ, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா என்று நானும் சேர்த்துச் சொன்னேன்.

அது யப்பான் மொழிக்குப் போய்ச் சேர்ந்ததும் சுகவாரா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார். தன் சாக்கேயை வாங்கச் சொல்லி லண்டன் கடைகளுக்கு எழுதி எழுதிக் களைத்தவராம், ஒருவரும் பதில் போடவில்லையாம். தன் ஊரைத் தாண்டி அது ஓடாது என்று கை விட்டவராம். பரிசாக வாங்கிக் குடித்து நல்லது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் மரியாதைக்குச் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கி, திரும்பி வந்து இன்னொன்று கேட்கிறவள் மரியாதைக்குக் கேட்பாளோ? யார் அந்த மனுசி, இப்போதே பார்க்க வேண்டும் என்றார்.

நான் ஜன்னலைத் திறந்து டொரத்தியைக் கூப்பிட்டேன். வீட்டுச் செருப்போடு வந்தாள். சுகவாரா தன் போத்தலைத் திறந்து அவளுக்கு ஊற்றினார். ஒரு வாய் குடித்ததும், இதுதான், இதேதான் என்று மேசையில் தட்டினாள். அன்றைக்கு மெக்கரலைத் தேங்காய்ப்பாலில் வற்றக் காய்ச்சி, அதோடு குடித்தவளாம். தேங்காய்ப்பாலோ என்று சுகவாரா அசந்துபோனார். எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, கென்டா மொழிபெயர்க்க, நான் இடையில் கறிவேப்பிலை போட்டால் இன்னும் நல்லது என்று குறுக்கிட, வீடு சந்தை மாதிரி ஆகிவிட்டது. எல்லாருடைய கிண்ணத்திலும் சுகவாராவின் சாக்கே நிறைந்திருந்தது.

இவருடைய கிண்ணத்தில் மட்டும் இல்லை. ஆரவாரத்தில் யாரும் கவனிக்கவில்லை. தானே ஊற்றக்கூடாது என்று பழகிய மனுசன், வெறும் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கை கட்டிப் பேசாமல் இருந்தார். தக்‌ஷிகா தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். நான் ஊற்றப் போத்தலைத் தொட்டேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

"அப்ப சோக்காயிருந்தது எண்டு சொன்னது?" என்று தக்‌ஷிகா கேட்டாள்.

"பொய். அதுக்குப் பிறகு உனக்காண்டி நோர்பரியில இருக்கிற எல்லாரையும் விடக் கூடக் குடிச்சிட்டன். கொம்மாவைக் கேள்."

நான் தலையாட்டினேன். புட்டுப்பானையையும் தோர்ன்டன் ஹீத்தையும் சொன்னேன். கையைப் பிடித்ததைச் சொல்லவில்லை. தக்‌ஷிகா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தாள், அதோடு அழுகையும் வந்தது. எழும்பி வந்து, போத்தலை இரண்டு கையாலும் பிடித்து, தகப்பனின் கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிறைத்தாள்.

"குடிச்சிட்டுச் சொல்லுங்கோ, அப்பா."

சுகவாரா முன்னுக்குக் குனிந்தார். என் மனுசன் கிண்ணத்தைப் பார்த்தார், மணந்தார், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினார், விழுங்கினார். பேரிக்காய், இனிப்பு, மிளகு, வெள்ளிக்கிழமை, கிறிஸ்மஸ், பாடமாக்கிய ஒன்றும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"சோக்காயிருக்கு" என்றார்.